சீனாவைப் பார்க்காத சீனக் கடிகாரம்

லண்டனில் 1730, 1740 வாக்கில் செய்த ஓர் உயரமான கடிகாரத்தின் முன்னால் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை அடி உயரம் இருக்கும். மேலே கண்ணாடிக்குப் பின்னால் பித்தளை முகப்பு. நடுவில் ஒல்லியாக ஒரு நீளக் கதவு. கீழே சதுரப் பெட்டி மாதிரி ஓர் அடிப்பாகம். உடம்பு முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் பொன் நிறத்தில் ஓவியம்: நுனி வளைந்த கூரை போட்ட மண்டபம், ஓடையைக் கடக்கும் சின்னப் பாலம், குடை பிடித்து நடக்கும் ஓர் ஆள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் இன்னோர் ஆள், அவர்களுக்கு மேலே ஒரு பறவை.

பார்த்த உடனே சீனாவிலிருந்து வந்த பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கடிகாரம் இங்கிலாந்தில் செய்தது. மரப்பெட்டியும் அங்கேதான் செய்தது. படம் வரைந்தவர் அநேகமாக வாழ்நாளில் சீனாவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பளபளவென்று தெரிகிற அந்தப் பூச்சு லாக்கர் என்ற சீன மரப்பால் பூச்சுகூட இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அரக்கு.

இவையெல்லாம் ஒரே பெட்டியில் எப்படி வந்து சேர்ந்தன என்று பார்க்கலாம். முதலில் அந்த உயரம், அப்புறம் அந்தப் பூச்சு.

ஏன் இவ்வளவு உயரம்?

இதைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒரு நூலில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள். நூலை மாட்டிய ஆணியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 99 சென்டிமீட்டர் இருக்கட்டும். லேசாக ஒரு பக்கம் இழுத்து விடுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒரு நொடி ஆகும். திரும்பி வர இன்னொரு நொடி. 60 வரை எண்ணிவிட்டுக் கைபேசியைப் பாருங்கள், ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சின்னப் பூட்டுக்குப் பதில் பெரிய பூட்டு கட்டினாலும் இதேதான், நடுப்புள்ளி வரை அளவு மாறாமல் இருந்தால் போதும். எடை கணக்கில் வராது, நீளம்தான் கணக்கு. நீளத்தைக் கால்வாசியாக, 25 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்தால் ஓர் ஆட்டத்துக்கு அரை நொடிதான்.

ஆக, நொடிக்கு ஒரு தரம் ஆடும் ஊசல் வேண்டுமென்றால் அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கண்டிப்பாக வேண்டும். கடிகாரத்தின் உயரத்துக்கு முதல் காரணம் இதுதான்.

ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தி வெற்றி கண்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1656-ல். அதற்கு முன் நல்ல கடிகாரம்கூட ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்பின்னாக ஓடும். ஊசல் வந்த பிறகு அந்தப் பிழை சில நொடிகளாகச் சுருங்கியது. ஒரு கருவி ஒரே தாவலில் இவ்வளவு தூரம் முன்னேறியது அபூர்வம். இரண்டே வருடத்தில், 1658-ல், லண்டனில் அகாசுவேரஸ் ஃப்ரோமன்டீல் ஊசல் கடிகாரம் விற்பனைக்கு உண்டு என்று விளம்பரம் செய்துவிட்டார்.

இந்த முதல் ஊசல்கள் குட்டையானவை, அதோடு இரண்டு பக்கமும் வீசி ஆடுபவை. வீச்சு பெரிதானால் நேரம் சீராக இருக்காது. நீளமான ஊசல் அப்படி வீசி ஆடினால் அதற்குப் பீரோ அகலத்துக்குப் பெட்டி செய்ய வேண்டியிருக்கும். இதற்கு 1670-ஐ ஒட்டி ஒரு வழி பிறந்தது. நங்கூரம் மாதிரி வடிவம் உள்ள சின்ன இரும்புத் துண்டு; அதனால் பெயரே ஆங்கர் எஸ்கேப்மென்ட். கண்டுபிடித்தவர் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் என்பவரா, கடிகாரக்காரர் வில்லியம் கிளமென்ட்டா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இது வந்த பிறகு ஊசல் சில பாகை அகலத்துக்கு ஆடினால் போதும். கடிகாரத்தின் நடுப்பகுதி ஒல்லியாக இருப்பது அதனால்தான்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. கயிற்றில் தொங்கும் எடைக்குண்டு கீழே இறங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு பற்சக்கரங்கள் வழியாகக் கடைசிச் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. தடுப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சக்கரம் விர்ரென்று சுழன்று, குண்டு தடாலென்று தரையில் விழுந்துவிடும். நங்கூரத்தின் இரண்டு கைகளும் மாறி மாறிச் சக்கரத்தின் பல்லைப் பிடித்து விடுகின்றன. ஊசல் ஒரு பக்கம் போனால் ஒரு கை விடும், அடுத்த கை பிடிக்கும். 'டிக்' என்று கேட்பது ஒரு பிடி, 'டக்' என்பது அடுத்த பிடி. நழுவுகிற ஒவ்வொரு பல்லும் போகிற போக்கில் நங்கூரத்தை மெல்லத் தள்ளிவிட்டுப் போகும். ஊசல் நிற்காமல் ஆடுவது அந்தத் தள்ளலால்தான். ஊஞ்சலில் குழந்தையை வைத்து, ஒவ்வொரு தரமும் சரியான நேரத்தில் விரலால் தொட்டுவிடுவது போல.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அந்தக் கடைசிச் சக்கரத்தில் 30 பற்கள். ஒவ்வொரு பல்லும் இரண்டு தரம் பிடிபடுகிறது. முப்பது இரண்டு அறுபது. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்போது சரியாக ஒரு நிமிடம். அதன் அச்சின் நுனியில் ஒரு முள்ளைச் செருகினால் அதுவே நொடிமுள். வேறு எந்த இணைப்பும் வேண்டாம். முகப்பில் 12-க்குக் கீழே தெரியும் சின்ன வட்டத்தில் ஓடுவது அந்த முள்தான். நிமிடமுள் இருக்கும் அச்சுக்கும் இந்த அச்சுக்கும் நடுவில் வேகத்தை அறுபது மடங்காக்க வேண்டும். ஓரிடத்தில் 60 பல் சக்கரம் 8 பல் சக்கரத்தை ஓட்டுகிறது, ஏழரை மடங்கு. அடுத்ததில் 56 பல் சக்கரம் 7 பல் சக்கரத்தை, எட்டு மடங்கு. ஏழரையை எட்டால் பெருக்கினால் அறுபது. முந்நூறு வருடம் முன்னால் அரத்தை வைத்துக்கொண்டு பித்தளையில் எழுதிய வாய்ப்பாடு இது.

குண்டு ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ இருக்கும். பொதுவாக இரண்டு குண்டு: ஒன்று நேரம் ஓட, இன்னொன்று மணி அடிக்க. கயிறு சுற்றிய உருளை 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. எட்டு நாளைக்கு 16 சுற்று. கயிறு ஒரு கப்பி வழியாகப் போவதால் குண்டு அதில் பாதி தூரம்தான் இறங்கும், நாலு அடிக்குக் கொஞ்சம் மேலே. வாரம் ஒரு நாள் சாவி கொடுத்தால் போதும் என்ற வசதிக்கு அந்த நாலடிப் பள்ளம் தேவை. ஊசலுக்கு ஒரு மீட்டர், குண்டு இறங்க நாலு அடி, தலையில் இயந்திரம். இந்த மூன்றையும் தூசி படாமல், காற்று வீசாமல், குழந்தைகள் கை வைக்காமல் மூடி வைக்க ஒரு நெடும்பெட்டி. 'தாத்தா கடிகாரம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் 1876-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் இது வெறும் நீளப்பெட்டிக் கடிகாரம்தான்.

ஊசலின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெயில் காலத்தில் கம்பி நீண்டு கடிகாரம் மெதுவாகும், அப்போது உதவும். லண்டன் கடிகாரம் ஒன்றை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து மாட்டினால் அது ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். பழுது ஒன்றுமில்லை. பூமத்திய ரேகைப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு. 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேனில் தன் ஊசல் கடிகாரம் இப்படிப் பின்தங்குவதைப் பார்த்தார். பூமி சரியான உருண்டை இல்லை என்பதற்கு அதுவும் ஒரு தடயமானது.

லாக்கர் வேறு, அரக்கு வேறு

இப்போது பெட்டியின் தோலுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் பெயர்.

சீனத்திலும் ஜப்பானிலும் லாக்கர் என்பது ஒரு மரத்தின் பால். மரத்தில் கீறல் போட்டு ரப்பர் பால் மாதிரி சொட்டுச் சொட்டாக எடுப்பார்கள். அந்த மரம் நம் மா, முந்திரியின் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவது நமக்குத் தெரியும். முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் கையைப் பொத்துவிடும், சேராங்கொட்டை அதைவிட மோசம். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே வகைச் சாறு. லாக்கர் மரப்பாலும் பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம்தான்.

அந்தப் பால் காயும் விதம் வித்தியாசமானது. வெயிலில் வைத்தால் காயாது. ஈரப்பதம் உள்ள, கொஞ்சம் கதகதப்பான அலமாரியில் வைத்தால்தான் இறுகும். மெல்லிசாக ஒரு பூச்சு, இறுக விட்டு, தேய்த்து, அடுத்த பூச்சு. நல்ல வேலை என்றால் பல பத்துப் பூச்சுகள். ஒரு தரம் இறுகிவிட்டால் சுடுநீர், சாராயம், புளிப்பு எதுவும் அதை லேசில் தொடாது. அதனால்தான் சூப் கிண்ணத்துக்குக்கூட அதைப் பூசினார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பொருள்கள் கப்பலில் வந்து இறங்கியதும் ஐரோப்பியப் பணக்காரர்கள் சொக்கிப்போனார்கள். கண்ணாடி போல் பளபளக்கும், ஆழம் தெரியும் கறுப்பு. அப்படி ஒரு கறுப்பை அவர்கள் மரத்தில் பார்த்ததில்லை. தேநீர், பீங்கான், பட்டு எல்லாம் வந்த அதே அலையில் லாக்கரும் வந்தது. செய்து பார்க்க அங்கே கைகள் இருந்தன, மரம் இல்லை. மரப்பாலும் மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்தைத் தாங்காது.

கைக்குக் கிடைத்தது அரக்கு. அது மரத்தின் பால் இல்லை, பூச்சியின் வேலை. பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு பிசினைக் கக்கி ஓடு கட்டிக்கொள்ளும். கிளையோடு ஒடித்து எடுத்தால் கொம்பரக்கு. சுரண்டி, நொறுக்கி, கழுவி எடுத்தால் மணியரக்கு. பாண்டவர்களுக்காகக் கட்டிய அரக்கு மாளிகையை நினைத்துக்கொண்டால் அதன் குணம் நினைவில் நிற்கும்: சூட்டில் உருகும், தீப்பிடிக்கும். கடிதத்துக்கு முத்திரை வைத்ததும் இதை வைத்துத்தான். ஸ்பிரிட்டில் போட்டால் கரைந்துவிடும். ஸ்பிரிட் காற்றில் பறந்ததும் பளபளப்பான மெல்லிய தோலாகப் படியும். நம் தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் போட்டு வந்த பாலிஷும் இதேதான்.

லாக்கர் என்ற சொல்லே இதிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் லாக்ஷா, இந்தியில் லாக், போர்ச்சுகீசியர் வாயில் லாக்ரே. நம் அரக்கின் பெயரைத்தான் ஐரோப்பியர்கள் சீன மரப்பாலுக்கு வைத்தார்கள். அப்புறம் சீனப் பொருளைப் போலச் செய்ய அதே அரக்கையே கையில் எடுத்தார்கள்.

அந்த வேலைக்கு இங்கிலாந்தில் கிடைத்த பெயர் ஜப்பானிங். ஜப்பானியர் செய்ததுதான் உயர்ந்தது என்று அவர்கள் மதித்ததால் அந்தப் பெயர். 1688-ல் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் என்ற இருவர் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். அரக்கை எப்படிக் கரைப்பது, எப்படி வடிகட்டுவது, எத்தனை பூச்சு போடுவது என்பதோடு, பார்த்து வரைய நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிப் படங்களும் அதில் இருந்தன. தொழிலாளிகள் மட்டுமில்லை, வசதியான வீட்டுப் பெண்களும் பொழுதுபோக்காக இதைக் கற்றுக்கொண்டார்கள்.

நம் கடற்கரையின் பெயர்

இந்தக் கதையில் நம் ஊரும் ஓர் ஓரத்தில் வருகிறது. பழம்பொருள் ஏலங்களில் 'கோரமண்டல் லாக்கர்' என்று ஒரு வகையைச் சொல்வார்கள். பெரிய மடிப்புத் திரைகள், பெரும்பாலும் 12 பலகை. பலகையின் மேல் கனமாகச் சுதை பூசி, மேலே லாக்கர் ஏற்றி, அப்புறம் உருவங்களை வெட்டிக் குடைந்து உள்ளே வண்ணம் நிரப்பிய வேலை. கோரமண்டல் என்றால் சோழமண்டலம். ஆனால் அந்தத் திரைகள் இங்கே செய்தவை இல்லை. முழுக்க முழுக்கச் சீனாவில் செய்தவை. சோழமண்டலக் கரையிலிருந்த வணிகக் கம்பெனிகளின் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் வழியில் ஒட்டிக்கொண்ட பெயர். இதே வேலையை ஆங்கிலேயர்கள் ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தின் பெயராலும் அழைத்தார்கள். செய்தவர் ஊர் மறந்து, கப்பல் நின்ற ஊர் நிலைத்துவிட்டது.

அந்தத் திரைகளில் பல ஐரோப்பாவில் அறுபட்டன. அறுத்த துண்டுகளைப் பீரோவிலும் கண்ணாடிச் சட்டத்திலும் ஒட்டினார்கள். படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அளவுக்கு வெட்டியதால் மனிதர்கள் தலைகீழாகவும் மரங்கள் படுத்தபடியும் நின்றன. கையேடு எழுதிய இருவருமே இதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரு கைவினைஞர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை இன்னொருவர் ரம்பத்தால் துண்டுபோட்டார் என்பது இன்று படித்தாலும் மனதைப் பிசைகிறது.

கதவை நெருங்கிப் பார்த்தால்

சரி, அந்தக் கறுப்புக் கடிகாரத்துக்குத் திரும்புவோம். அதன் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். உருவங்கள் தட்டையாக இல்லை. பாலமும் மண்டபமும் ஆட்களும் லேசாக மேலே எழும்பி நிற்கின்றன. பிசினும் சாக்கட்டித் தூளும் குழைத்த களியைச் சொட்டுச் சொட்டாக வைத்து, காய்ந்ததும் கத்தியால் செதுக்கி, மேலே பொன் நிறப் பொடி தூவியது அது. முகத்துக்கும் உடையின் மடிப்புக்கும் மெல்லிய கறுப்புக் கோடு. பக்கவாட்டுப் பலகைகளைப் பாருங்கள். அங்கே களி வேலை கிடையாது. சில கொடிகள், பூக்கள், எல்லாம் தட்டை. கண் முதலில் எங்கே போகுமோ அங்கேதான் உழைப்பையும் பொன்னையும் கொட்டியிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் மரம் ஓக் அல்லது பைன். எல்லாம் பூச்சில் மறைந்துவிடுவதால் விலை உயர்ந்த வால்நட் மரத்தை இழைத்து ஒட்ட வேண்டியதில்லை. சாக்கட்டித் தூளும் பசையும் கலந்து முதல் பூச்சு, மேலே நிறம், அதன்மேல் அரக்குப் பூச்சுகள், தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. கறுப்புதான் அதிகம். சிவப்பு, பச்சை, நீலம் குறைவு. வெள்ளை மிக அபூர்வம்.

படத்தில் அளவுகள் விநோதமாக இருக்கும். பறவை வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். பாலம் எங்கிருந்தோ புறப்பட்டு எங்கும் போய்ச் சேராது. பார்க்காத நாட்டை, பீங்கான் தட்டிலும் திரையிலும் அச்சுப்படத்திலும் பார்த்ததை வைத்து வரைந்தால் அப்படித்தான் வரும். இந்தப் பாணிக்குப் பின்னாளில் ஷினுவாசெரி என்று பிரெஞ்சுப் பெயர் வந்தது. 'சீனத்தனம்' என்று சொல்லலாம். இதைப் போலி என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீனப் பொருள் என்று சொல்லி ஏமாற்றுவதற்காக இவற்றைச் செய்யவில்லை. முகப்பிலேயே கடிகாரக்காரரின் பெயரும் லண்டன் என்ற ஊரும் பொறித்திருக்கும். தூரத்து நாட்டைப் பற்றிய ஓர் ஆசையைத்தான் அவர்கள் வரைந்தார்கள், அந்த ஆசை உண்மையானது. என் வருத்தம் வேறு. முகப்பில் கடிகாரக்காரர் பெயர் இருக்கும். பெட்டி செய்த தச்சர் பெயரும் படம் வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் எங்குமே இருக்காது.

இதே கறுப்பும் பொன்னும் ஏழைகள் கண்ணிலும் பட்டன. இங்கிலாந்தின் மதுக்கடைகளிலும் சத்திரங்களிலும் பெரிய வட்ட முகப்போடு சுவரில் மாட்டிய கடிகாரங்கள் இருந்தன, அவற்றின் பெட்டியிலும் இதே சீனக் காட்சிகள். 1797-ல் கடிகாரங்களுக்கு அரசு வரி போட்டது. அடுத்த வருடமே அதை நீக்கவும் செய்தது. அந்த வரிக்குப் பயந்து மக்கள் கடிகாரத்தைக் கைவிட்டதால்தான் மதுக்கடைகள் மாட்டின என்று ஒரு கதை பரவி, அவற்றுக்குப் 'பார்லிமென்ட் சட்டக் கடிகாரம்' என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால் அவை வரிக்குப் பல வருடம் முன்பே அங்கே தொங்கிக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு கடிகாரம் எங்காவது உங்கள் கையில் கிடைத்தால் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்காதீர்கள். சீன லாக்கர் அதைத் தாங்கிக்கொள்ளும். இது அரக்கு, கரைந்துபோகும். ஈரத்துணியும் வேண்டாம், வெளுத்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். நேர் வெயிலும் ஆகாது. காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் மரம் விரிந்து சுருங்கும், பூச்சு கூடவே விரியாது, அதனால்தான் பழைய பெட்டிகளில் சிலந்தி வலை மாதிரி வெடிப்புகள். வாங்குகிறவர்கள் ஒரு சந்தேகத்தோடும் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பாணிக்கு மறுபடி மவுசு வந்தபோது, சாதாரணப் பழைய ஓக் பெட்டிகளுக்குப் புதிதாகக் கறுப்பும் பொன்னும் பூசி விற்றார்கள். இயந்திரம் ஒரு கடிகாரத்தினுடையதாகவும் பெட்டி வேறொன்றினுடையதாகவும் சேர்த்து வைத்த ஜோடிகளும் நிறைய.

அரக்கு வயதானால் மஞ்சளாகும். வெள்ளைப் பெட்டி பாலேடு நிறத்துக்கு மாறும். பச்சை இருண்டு பழுப்பாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. இன்று பச்சை என்று பதிவாகியிருக்கும் சில பெட்டிகள் பிறந்தபோது நீலம். பழுது பார்ப்பவர்கள் கதவின் சாவித்துளையைச் சுற்றியிருக்கும் பித்தளைத் தகட்டை மெல்லக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளிச்சமும் கையும் படாத அந்தக் காலணா அகல இடத்தில், சில சமயம், முதல் நாள் பூசிய நீலம் அப்படியே இருக்கும்.